கேளுங்க, சொல்றேன்: கண்ணாடித் துண்டுல நோய் தேடுற கதை

போன தடவை ஒரு வாசகருக்கு பதில் எழுதறப்ப, டிஎன்ஏ மைக்ரோஅர்ரேன்னு ஒண்ணு இருக்கு, மைக்ராஸ்கோப்ல வைக்கிற அதே சைஸ் கண்ணாடி ஸ்லைடு மேல ஆயிரக்கணக்குல டிஎன்ஏ புள்ளி வெச்சு நோயைத் தேடுவாங்கன்னு போற போக்குல ஒரு வரி சொல்லிட்டுப் போயிட்டேன். அவ்வளவுதான், மெயில் வந்து குவிஞ்சிடுச்சு. நானும் சில வருஷம் இந்த ஸ்லைடுகளோட மாரடிச்சவன்தான், அதனால இந்த இதழ் முழுக்க இதுக்கே ஒதுக்கிட்டேன். மத்த கேள்விக்காரங்க கோவிச்சுக்காதீங்க.

கே: சார், நான் ஸ்கூல் கடைசி வருஷம் படிக்கிறேன். மைக்ரோஅர்ரேன்னு தேடினா கருப்புல கலர் கலரா புள்ளி வெச்ச படம்தான் வருது. அது என்ன, அதுல நோய் எப்படித் தெரியும்?

ப: டிஎன்ஏ ரெண்டு இழை முறுக்கின கயிறு மாதிரின்னு படிச்சிருப்பீங்க. ஒரு இழையில ஏ இருந்தா எதிர்ல டி, ஜி இருந்தா எதிர்ல சி. அந்தக் கயிறைச் சூடு பண்ணிப் பிரிச்சுட்டா ஒவ்வொரு இழையும் ஜோடியைத் தேடும், ஆற விட்டா தேடிப் பிடிச்சு ஒட்டிக்கும். மொத்த வித்தையும் இதுதான். ஸ்லைடு மேல ஒத்தை இழை டிஎன்ஏவை புள்ளி புள்ளியா ஒட்டி வெச்சிருப்பாங்க, அதுக்குப் பேரு புரோப். நோயாளியோட சாம்பிள்ல இருந்து எடுத்த டிஎன்ஏவுக்கோ ஆர்என்ஏவில இருந்து செஞ்ச பிரதிக்கோ ஒளிரும் சாயம் பூசி அது மேல ராத்திரி முழுக்க ஊத்தி வைப்பாங்க, காலையில கழுவிட்டு லேசர் ஸ்கேனர்ல பார்ப்பாங்க. ஜோடி கிடைச்ச புள்ளி ஒளிரும், கிடைக்காத புள்ளி இருட்டா இருக்கும். எந்தப் புள்ளி எந்த ஜீனுக்குன்னு முன்னாடியே லிஸ்ட் இருக்கு, புள்ளி இருக்கிற இடம்தான் அதோட அடையாள அட்டை.

ஸ்டான்ஃபோர்டுல 1995ல இதை முதல்ல வெளியிட்டப்போ இருந்தது 45 ஜீன்தான், அதுவும் அராபிடாப்சிஸ்னு ஒரு சின்ன செடியோட ஜீன். இப்ப கணக்குப் போட்டுப் பாருங்க. ஸ்லைடு 25க்கு 75 மில்லிமீட்டர், அதுல பயன்படுத்துற இடம் 20க்கு 60னு வெச்சுக்கலாம், புள்ளிக்குப் புள்ளி 200 மைக்ரான், அதாவது 0.2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டா ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 புள்ளி, மொத்தம் 30,000. மனுஷனோட புரோட்டீன் செய்யிற ஜீன் சுமார் 20,000, எல்லாத்துக்கும் ஆளுக்கொரு புள்ளி வெச்சாலும் மிச்சம் இடம் இருக்கு!

கே: எதுக்கு கண்ணாடி? கை தவறினா போச்சு. பிளாஸ்டிக்ல செஞ்சா உடையாதே?

ப: நியாயமான கேள்வி, நானே ஒரு ரேக் ஸ்லைடை சிங்க்ல போட்டு உடைச்சவன். ஆனா கண்ணாடியை விட முடியாது. இந்த ஜோடி தேடுற வேலையை முதல்ல சவ்வு மேலதான் செஞ்சாங்க, எட்வின் சதர்ன் 1975ல வெளியிட்ட முறை, அவர் பேராலேயே சதர்ன் பிளாட்னு சொல்றோம். சவ்வு மை ஒத்தற தாள் மாதிரி, புள்ளி வெச்சா ஊறிப் பரவிடும், அதை நனைக்கவே மில்லிலிட்டர் கணக்குல கரைசல் வேணும். கண்ணாடி ஊறாது, தட்டையா இருக்கும், சூடு தாங்கும், கரைப்பான் தாங்கும், முக்கியமா லேசர் பட்டா தானா ஒளிராது. நிறைய பிளாஸ்டிக் தானே ஒளிரும், அப்புறம் சாயம் எது சட்டி எதுன்னு ஸ்கேனருக்குத் தெரியாது. கண்ணாடி மேல கவர்ஸ்லிப் போட்டு மூடினா 20, 30 மைக்ரோலிட்டர் போதும், டிராப்பர்ல விடுற ஒரு சொட்டு அளவுகூட வராது. நோயாளிகிட்ட இருந்து வர்ற சாம்பிள் எப்பவும் கொஞ்சூண்டுதான் இருக்கும்ங்கிறதால இது பெரிய விஷயம்.

சிக்கல் என்னன்னா தண்ணிக்குள்ள கண்ணாடியோட மேல்பரப்பு நெகட்டிவ் சார்ஜ், டிஎன்ஏவோட முதுகெலும்புல இருக்கிற பாஸ்பேட்டும் நெகட்டிவ். ரெண்டும் ஒண்ணையொண்ணு தள்ளும். சும்மா கண்ணாடியில டிஎன்ஏ வெச்சா முதல் கழுவல்லயே போயிடும். அதுக்குத்தான் நடுவுல ஒரு கோட்டிங். சுவரை வெச்சுத்தான் சித்திரம்னு சொல்வாங்களே, இங்க அந்தச் சுவர் சில நானோமீட்டர் கனம்தான், ஆனா மைக்ரோஅர்ரே சொதப்புற இடம் பெரும்பாலும் அதுதான். வந்த கேள்வியில பாதிப் பேர் ஜீனைப் பத்திதான் கேட்டிருக்கீங்க, நான் திரும்பத் திரும்ப கோட்டிங்குக்கே வந்து நிப்பேன், பொறுத்துக்கோங்க.

கே: சார், எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு, டிஎன்ஏவைப் பிடிச்சு வைக்க பாசிட்டிவ் சார்ஜ் உள்ள பாலி-எல்-லைசின் கோட்டிங் நாங்களே போடுறோம். ஸ்கேன் பண்ணா ஸ்லைடு முழுக்க மங்கலா ஒளிருது, புள்ளிகளுக்கு எல்லாம் வால்நட்சத்திரம் மாதிரி ஒரே பக்கமா வால் முளைச்சிருக்கு. கைடு கேட்டா திரும்பப் பண்ணுங்கிறார். என்ன தப்பு?

ப: திரும்பப் பண்ணா திரும்ப வால்தான் வரும், காரணம் தெரியாம பண்ணா.

ஆரம்பத்துல இருந்து வருவோம். ஸ்லைடை எதுல கழுவினீங்கன்னு எழுதல. கடையில வாங்கின ஸ்லைடு பாக்க பளபளன்னு இருக்கும், ஆனா மேல எண்ணெய்ப் படலம், தூசி எல்லாம் உண்டு. சோடியம் ஹைட்ராக்சைடை தண்ணியில கரைச்சு எத்தனால் கலந்து அதுல ரெண்டு மணி நேரம் ஊற வைக்கணும், கரைசல் கலங்கலா இருந்தா தெளியிற வரைக்கும் தண்ணி சேர்க்கணும். அப்புறம் சுத்தத் தண்ணியில அலசணும், அலசணும், அலசிட்டே இருக்கணும். ஒரு துளி காரம் மிச்சம் இருந்தாலும் லைசின் சரியா உக்காராது. இந்த ஸ்டெப்புக்கு அப்புறம் ஸ்லைடு காத்துல காயவே கூடாது, ஈரத்தோடவே அடுத்த தொட்டிக்குப் போகணும். பாலிலைசின் தொட்டி கட்டாயம் பிளாஸ்டிக்கா இருக்கணும், கண்ணாடித் தொட்டியில ஊத்தினீங்கன்னா லைசின் உங்க ஸ்லைடுல ஒட்டாம தொட்டிச் சுவர்ல ஒட்டிக்கும், நான் பட்ட அனுபவம் இது, ஒரு பாட்டில் போச்சு.

ஒரு மணி நேரம் ஆட்டி எடுத்து அலசி, சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தி உலர்த்தி, 45 டிகிரி அவன்ல பத்து நிமிஷம் வெச்சு, மூடின டப்பாவுல குறைஞ்சது ரெண்டு வாரம் சும்மா வைக்கணும். இங்கதான் எல்லாரும் அவசரப்படுவாங்க. புதுசாப் பூசின லைசின் பரப்பு தண்ணியை இழுக்கும், புள்ளி பரந்துடும். நாள் ஆக ஆக பரப்பு தண்ணியைத் தள்ள ஆரம்பிக்கும், புள்ளி குண்டா அப்படியே நிக்கும். ஸ்லைடை சாய்ச்சு ஒரு துளி தண்ணி விட்டுப் பாருங்க, தடம் விடாம உருண்டு போனா ரெடி. வால் மாதிரி இழுத்துட்டுப் போனா டப்பாவை மூடிட்டுப் போயிடுங்க. ரொம்பவும் வெச்சிடக்கூடாது, சில மாசம் தாண்டினா லைசின் படலம் வெளுத்து மங்கிடும், அதுவும் பேக்கிரவுண்டை, அதாவது புள்ளிக்கு வெளிய வர்ற மங்கல் ஒளியை, ஏத்தும்.

இப்ப உங்க வால் விஷயம். புள்ளி வெச்சு முடிச்சதும் யூவி (புற ஊதா) ஒளி காட்டி டிஎன்ஏவைப் பிணைச்சிருப்பீங்க, சரி. ஆனா ஒவ்வொரு புள்ளியிலும் பிடி கிடைக்காத உபரி டிஎன்ஏ கொஞ்சம் இருக்கும். புள்ளிக்கு வெளியில இருக்கிற லைசின் எல்லாம் பாசிட்டிவ் சார்ஜோட யார் வருவான்னு காத்துட்டு இருக்கும். அந்தக் காலி லைசினை அடைக்கிற பிளாக்கிங் கரைசல்ல ஸ்லைடை மெதுவா, ஒரு ஓரமா இறக்கினீங்கன்னா அந்த உபரி டிஎன்ஏ கரைஞ்சு, கரைசல் ஓடுற திசையில இழுத்துட்டுப் போய் பக்கத்துல ஒட்டிக்கும். அதுதான் வால். எல்லா வாலும் ஒரே பக்கம் பாக்குதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க பாருங்க, உங்க கை எந்தப் பக்கம் இறக்கினுச்சோ அதோட எதிர்ப்பக்கமா இருக்கும்.

பிளாக்கிங்கை எப்படிப் பண்ணணும்னா, சக்சினிக் அன்ஹைட்ரைடை மெத்தில் பைரோலிடினோன்ல கரைச்சு, கடைசித் துகள் கரையிற நொடியில போரேட் பஃபரை ஊத்தி, ரேக்கோட டக்குன்னு முக்கி வேகமா மேலும் கீழும் ஆட்டணும், ஒரு நிமிஷம் கை வலிக்க ஆட்டணும். போரேட் கலந்த அப்புறம் அன்ஹைட்ரைடு தண்ணியோட சேர்ந்து வீணாக ஆரம்பிச்சுடும், அதனால ஊத்திட்டு போன் எடுத்துப் பேசினா முடிஞ்சது கதை. இந்த வேலையில லைசினோட அமீன் எல்லாம் அடைபட்டு நெகட்டிவ் பரப்பா மாறிடும், சாம்பிள் டிஎன்ஏ கண்ட இடத்துல ஒட்டாது. முழு ஸ்லைடும் மங்கலா ஒளிருதுன்னு சொன்னதுக்கும் காரணம் அனேகமா இதுதான், பிளாக்கிங் பாதியில நின்னிருக்கு. பாட்டில்ல அன்ஹைட்ரைடு ஈரம் பட்டு கட்டி தட்டி இருந்தா புது பாட்டில் திறங்க. கைடுகிட்ட நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம்.

கே: லேப் டெக்னீஷியனா இருக்கேன். ஆர்டர் போடறப்ப அமைனோ சிலேன், எபாக்ஸி, ஆல்டிஹைடுன்னு மூணு விதமா ஸ்லைடு வருது. எதை வாங்கறதுன்னு யாரும் தெளிவா சொல்ல மாட்டேங்கறாங்க.

ப: நீங்க என்ன புள்ளி வெக்கப் போறீங்கன்னு சொல்லுங்க, ஸ்லைடு தானா முடிவாகும்.

பிசிஆர்ல (டிஎன்ஏவைப் பல மடங்கா பெருக்கற முறை) செஞ்ச நீளமான டிஎன்ஏன்னா அமைனோ சிலேன் போதும். லைசின் மாதிரியே பாசிட்டிவ் சார்ஜ்தான், ஆனா லைசின் மாதிரி மேல சும்மா படிஞ்சிருக்காம கண்ணாடியோட கெமிக்கலா பிணைஞ்சிருக்கும், அதனால ஒவ்வொரு ஸ்லைடும் ஒரே மாதிரி வரும். நீளமான டிஎன்ஏ பல இடத்துல ஒட்டிக்கும், யூவி காட்டினா விடாது.

50, 60, 70 எழுத்து நீள ஒலிகோ, அதாவது செயற்கையா செஞ்ச குட்டை டிஎன்ஏன்னா யோசிக்கணும், குட்டையா இருக்கிறதால உடம்பு முழுக்கப் படுத்து ஒட்டிடுச்சுன்னா ஜோடி சேர எழுத்து மிச்சம் இருக்காது. அதை ஒரு நுனியில மட்டும் பிடிச்சு நிக்க வைக்கணும், பயிர் நட்ட மாதிரி. அதுக்குத்தான் ஒலிகோவோட நுனியில ஆறு கார்பன் நீளத்துக்கு ஒரு காலும் அதோட முனையில ஒரு அமீனும் வெச்சு ஆர்டர் போடறது. எபாக்ஸி ஸ்லைடுன்னா அந்த அமீன் எபாக்ஸி வளையத்தைத் திறந்து நேரா பிணைஞ்சுடும், பிறகு எத்தனாலமீன் போட்டு மிச்ச எபாக்ஸியை அடைச்சா வேலை முடிஞ்சது. ஆல்டிஹைடும் அமீனைப் பிடிக்கும், ஆனா அந்தப் பிணைப்பு அவிழக்கூடியது, சோடியம் போரோஹைட்ரைடு போட்டுத்தான் முடிச்சை இறுக்கணும், அது ஹைட்ரஜன் குமிழி குமிழியா விடும், மூடி போட்டு வைக்காதீங்க. என் ஓட்டு எபாக்ஸிக்குத்தான், ஒரு ஸ்டெப் குறைவு, தப்பு பண்ண ஒரு வாய்ப்பு குறைவு. ஆனா எபாக்ஸி ஈரத்துல செத்துடும், பாக்கெட் பிரிச்சா ஈரம் அண்டாத டெசிகேட்டர் டப்பாவுல வைங்க.

நிறைய புரோப் நெருக்கி நட்டா நிறைய சிக்னல் வரும்னு நினைக்காதீங்க. ரொம்ப நெருக்கமா இருந்தா சாம்பிள் இழை உள்ள நுழையவே இடம் இருக்காது, ஒரு அளவுக்கு மேல சிக்னல் இறங்க ஆரம்பிச்சுடும்.

இன்னொருத்தர் சிலேன் கோட்டிங்கை வீட்லயே போடலாமான்னு கேட்டிருக்கார். வேண்டாம்ங்க. ஆவியை வெளிய இழுக்கிற ஃபியூம் ஹுட் இல்லாம அந்தப் பாட்டிலைத் திறக்கவே கூடாது.

கே: எங்க புள்ளி எல்லாம் நடுவுல ஓட்டை விழுந்து வளையம் மாதிரி வருது. சாஃப்ட்வேர் பாதியை நிராகரிக்குது.

ப: மேஜையில காபித் துளி காஞ்சா ஓரத்துல மட்டும் அழுத்தமா வளையம் நிக்கும், பாத்திருப்பீங்க. அதேதான். ஓரம் சீக்கிரம் காயும், காஞ்ச இடத்தை ஈடுகட்ட நடுவுல இருந்து தண்ணி ஓடும், கூடவே டிஎன்ஏவையும் இழுத்துட்டுப் போய் ஓரத்துல சேர்த்துடும். காயிற வேகத்தைக் குறைச்சா பாதி சரியாகும். புள்ளி வைக்கிற மெஷினுக்குள்ள ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி வைங்க, உப்புக் கரைசலுக்குப் பதிலா 50 சதவீத டிஎம்எஸ்ஓவுல (மெதுவா காயிற ஒரு கரைப்பான்) இல்லேன்னா பீட்டெய்ன் கலந்து வெச்சுப் பாருங்க. ஏற்கனவே வளையமா காஞ்ச ஸ்லைடையும் காப்பாத்தலாம், உப்புக் கரைசல்ல வெச்சதுன்னா. சூடான தண்ணி ஆவிக்கு மேல ஸ்லைடை கவுத்துப் பிடிங்க, புள்ளி ஒவ்வொண்ணும் பளிச்சுன்னு பனித்துளி மாதிரி உப்பும், பக்கத்துப் புள்ளியோட சேர்றதுக்கு முன்னாடி 100 டிகிரி ஹாட் பிளேட்ல மூணு நாலு செகண்ட் வெச்சு எடுத்துடுங்க. பழகற வரைக்கும் நல்ல ஸ்லைடுல முயற்சி பண்ணாதீங்க.

கே: ஒரே சாம்பிள், ஒரே பேட்ச் ஸ்லைடு, ஒரே ஆள். காலையில பண்ணா சிவப்பு நல்லா வருது, மத்தியானம் பண்ணா சிவப்பு செத்துப் போகுது, பச்சை மட்டும் நல்லா இருக்கு. பேய் பிடிச்ச மாதிரி இருக்கு சார்.

ப: உங்க மெயிலைப் படிச்சுட்டு சிரிச்சேன், ஏன்னா இந்தப் பேயை நானும் ஒரு வெயில் காலம் முழுக்கத் தேடியிருக்கேன். எங்களுக்கும் மத்தியானம்தான். சாயத்தை மாத்தினோம், பஃபரை மாத்தினோம், லேசர் பழுதுன்னு ஆளைக் கூப்பிட்டோம், வந்தவர் லேசர் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டார். ஸ்லைடை உத்துப் பாத்தா நடுவுல சிவப்பு கொஞ்சம் இருக்கும், ஓரத்துல இருக்கிற புள்ளி மட்டும் பச்சையா மாறியிருக்கும், யாரோ ஓரத்தை அரிச்ச மாதிரி.

பேயோட பேரு ஓசோன். ஒப்பிடறதுக்காக ஒரு சாம்பிளுக்குப் பச்சை, இன்னொண்ணுக்கு சிவப்புன்னு ரெண்டு சாயம் போட்டு ஒரே ஸ்லைடுல விடுவோம். பச்சைச் சாயம் சை3, சிவப்பு சை5. வெயில் ஏற ஏற வண்டிப்புகையில இருந்து ஓசோன் உருவாகி மத்தியானத்துல உச்சத்துக்குப் போகும். காத்துல நூறு கோடிப் பங்குக்கு 5லிருந்து 10 பங்கு ஓசோன் இருந்தாலே போதும், கழுவி உலர்த்தி ஸ்கேனருக்குக் கொண்டு போற அந்த அரை நிமிஷத்துல சை5 அடிபடும்னு 2003ல வெளியான ஒரு ஆய்வு காட்டிடுச்சு. சை3 இதை விட பல மடங்கு தாங்கும். ஜீன் குறைஞ்சிருக்குன்னு நீங்க நினைச்சு எழுதிக்கிட்டது வானிலை அறிக்கையா இருக்கலாம், யோசிச்சுப் பாருங்க! நோயாளி ரிப்போர்ட்ல இது நடந்தா என்ன ஆகும்? அதனாலதான் நிறைய லேப்ல கழுவற இடத்துக்கும் ஸ்கேனருக்கும் கார்பன் ஃபில்டர் போட்ட தனி அறை வெச்சிருக்காங்க. உங்களுக்கு அது இல்லேன்னா விடிகாலையில கழுவுங்க, உலர்ந்த உடனே ஸ்கேன் பண்ணுங்க, பக்கத்துல லேசர் பிரிண்டரோ ஜெராக்ஸ் மெஷினோ இருந்தா நகர்த்துங்க, அதுங்களும் ஓசோன் விடும். கூடவே சாயத்தை மாத்திப் போட்டு இன்னொரு ஸ்லைடும் பண்ணுங்க, நோயாளிக்கு சிவப்பு போட்டதை அடுத்ததுல பச்சை போட்டுப் பாருங்க, ரெண்டுலயும் ஒரே பதில் வந்தாத்தான் நம்பலாம்.

கே: ஒரு சொட்டு ரத்தத்துல எல்லா வியாதியையும் கண்டுபிடிக்கிற சிப் வந்துடுச்சாமே?

ப: வரல. மைக்ரோஅர்ரே அதுல எதை நட்டோமோ அதை மட்டும்தான் தேடும்.

கே: என் பையனுக்கு மூணு வயசு, பேச்சு வரல, வளர்ச்சியும் மெதுவா இருக்கு. டாக்டர் குரோமோசோமல் மைக்ரோஅர்ரே எடுக்கச் சொல்லியிருக்கார். நீங்க சொல்ற கண்ணாடி டெஸ்ட்தானா இது? இதுல எல்லாம் தெரிஞ்சுடுமா?

ப: அம்மா, இதே குடும்பத்து டெஸ்ட்தான். பையனோட டிஎன்ஏவுக்கு ஒரு சாயம், ஒப்பிட வெச்சிருக்கிற வேற ஒருத்தரோட டிஎன்ஏவுக்கு இன்னொரு சாயம் போட்டு ரெண்டையும் சமமா கலந்து ஒரே ஸ்லைடுல விடுவாங்க, இது ஒரு முறை. ரெண்டு பேருக்கும் ஒரே அளவு இருக்கிற இடத்துல ரெண்டு நிறமும் சமமா வந்து மஞ்சளா தெரியும். பையனுக்கு ஏதாவது ஒரு துண்டு ரெண்டுக்குப் பதிலா ஒண்ணுதான் இருந்தா அந்தப் பகுதி புள்ளியில எல்லாம் அவனோட நிறம் பாதியா குறையும், மூணு இருந்தா ஒன்றரை மடங்கா கூடும். சில கம்பெனி சிப்புல ஒரே சாயம்தான், ஒப்பீட்டை கம்ப்யூட்டர் பண்ணும். நீங்க அதைப் பத்திக் கவலைப்பட வேண்டாம்.

டாக்டர் கேட்டது சரியான டெஸ்ட்தான். பழைய கேரியோடைப் டெஸ்ட்ல குரோமோசோமை மைக்ராஸ்கோப்ல கண்ணால பார்ப்பாங்க, 50 லட்சம் எழுத்துக்குக் குறைஞ்ச துண்டு காணாம போனா பெரும்பாலும் தெரியாது. 22ஆவது குரோமோசோம்ல ஒரு துண்டு இல்லாம போற டிஜார்ஜ் சிண்ட்ரோம் அனேகமா 30 லட்சம் எழுத்துதான், கண்ணுக்குத் தப்பிடும், மைக்ரோஅர்ரேல தெளிவா மாட்டும். வளர்ச்சித் தாமதம், ஆட்டிசம், பிறவிக் குறைபாடு இருக்கிற குழந்தைகளுக்கு முதல் டெஸ்ட்டா இதைத்தான் எடுக்கணும்னு நிபுணர்கள் 2010ல கூடிச் சொன்னாங்க, கேரியோடைப்ல 100க்கு 3 பேருக்குக் காரணம் தெரிஞ்ச இடத்துல இதுல 15லிருந்து 20 பேருக்குத் தெரியுதுங்கிறதால.

அதையே திருப்பிப் பாருங்க, 80 பேருக்கு மேல இதுல ஒண்ணும் தெரியாது. அப்படி வந்தா பையனுக்கு ஒண்ணுமில்லைன்னு அர்த்தம் இல்ல, இந்த டெஸ்ட் பாக்கிற இடத்துல இல்லைன்னு மட்டும்தான் அர்த்தம். ரெண்டு குரோமோசோம் துண்டை இடம் மாத்திக்கிட்டா, மொத்த அளவு மாறாததால, தெரியாது. ஒரே ஒரு எழுத்து மாறி இருந்தா தெரியாது. ஃப்ரஜைல் எக்ஸ்ங்கிற மரபணுக் குறைபாடு தெரியாது, பேச்சு வராத பையன்களுக்கு அதை முக்கியமா பார்ப்பாங்க, தனி டெஸ்ட் அது, எடுத்தாச்சான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. இன்னொண்ணு, ரிப்போர்ட்ல அர்த்தம் தெளிவில்லாத மாற்றம்னு ஒரு வரி வரலாம். பயந்துடாதீங்க. உங்களையும் அவங்க அப்பாவையும் டெஸ்ட் எடுக்கச் சொல்வாங்க, உங்கள்ல ஒருத்தருக்கு அதே மாற்றம் இருந்து நீங்க நல்லா இருந்தா அது அனேகமா காரணமா இருக்காது. ரிப்போர்ட் வாங்கிட்டு நெட்ல தேடறதுக்கு முன்னாடி ஜெனடிக் கவுன்சலர் ஒருத்தரைப் பாருங்க.

கே: கேன்சர், வைரஸ் இதெல்லாம் உண்மையிலேயே இந்த ஸ்லைடுல கண்டுபிடிச்சிருக்காங்களா, இல்ல பேப்பர்ல எழுதறதோட சரியா?

ப: கண்டுபிடிச்சிருக்காங்க. எனக்குப் பிடிச்ச கதை 2003ல பரவின சார்ஸ் நோய். என்ன கிருமின்னே தெரியாம ஆளுங்க செத்துட்டு இருந்தப்ப, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்துல ஜோ டிரிசியோட லேப்ல வைரோசிப்னு ஒண்ணு வெச்சிருந்தாங்க, அப்ப தெரிஞ்ச வைரஸ் குடும்பங்கள்ல மாறாம இருக்கிற பகுதிகளை 70 எழுத்து ஒலிகோவா எடுத்து கண்ணாடியில நட்டது. சாம்பிள் வந்து ஒரு நாளுக்குள்ள கொரோனா வைரஸ் குடும்பத்துப் புள்ளிகள் ஒளிர்ந்திடுச்சு, ஆனா தெரிஞ்ச எந்த கொரோனாவோடயும் முழுசா பொருந்தல, புதுசுன்னு அதுலயே புரிஞ்சுடுச்சு. அதுக்கு மேல ஒரு வேலை பண்ணாங்க பாருங்க, ஒளிர்ந்த புள்ளியை ஊசி முனையால ஸ்லைடுல இருந்து சுரண்டி எடுத்து, அதுல ஒட்டியிருந்த வைரஸ் துண்டைப் பெருக்கி எழுத்து எழுத்தாப் படிச்சாங்க. 100 மைக்ரான் புள்ளியை! இப்ப மேல நான் எழுதினதை ஒரு தடவை திருத்திக்கிறேன், நட்டதைத்தான் தேடும், ஆனா சொந்தக்காரன் வந்தா ஜாடையை வெச்சுக் கண்டுபிடிச்சுடும்.

கேன்சர்ல 1999ல ரெண்டு வகை ரத்தப் புற்றுநோயை, ஏஎல்எல்லையும் ஏஎம்எல்லையும், ஜீன் புள்ளிகளோட பாங்கை மட்டும் வெச்சே பிரிச்சுக் காட்டினாங்க. 2002ல நெதர்லாந்து கேன்சர் இன்ஸ்டிட்யூட் மார்பகப் புற்றுநோய்க்கு 70 ஜீன் பட்டியல் ஒண்ணு வெளியிட்டது, அது மம்மாபிரிண்ட்ங்கிற பேர்ல 2007ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவோட அனுமதி வாங்கிச்சு. இது கேன்சர் இருக்கான்னு பாக்கிற டெஸ்ட் இல்ல, இருக்கிற கேன்சர் பரவுமா, கீமோ தேவையான்னு முடிவு பண்ண உதவறது. 2016ல வெளியான பெரிய ஆய்வுல, டாக்டர் கணக்குப்படி ஆபத்து அதிகம், ஆனா இந்த ஜீன் கணக்குப்படி குறைவுன்னு வந்து கீமோ எடுக்காத பெண்கள்ல 94.7 சதவீதம் பேர் அஞ்சு வருஷம் வரைக்கும் நோய் தூரத்துக்குப் பரவாம இருந்தாங்க.

கே: எச்சில் அனுப்பி ஜீன் டெஸ்ட் எடுத்தேன். அரிய மார்பகப் புற்றுநோய் மாற்றம் ஒண்ணு இருக்குன்னு அவங்க கொடுத்த டேட்டாவை ஒரு ஆப்ல போட்டப்போ வந்துச்சு. தூக்கமே வரல.

ப: முதல்ல தூங்குங்க. அந்த டெஸ்ட்டும் மைக்ரோஅர்ரேதான், புள்ளிக்குப் பதிலா சின்னச் சின்ன மணி வெச்ச சிப். பரவலா இருக்கிற மாற்றங்களை அது நல்லாப் படிக்கும். ஒளிர்வுல மூணு கும்பல் தெரியும், இல்லாதவங்க, ஒரு பிரதி இருக்கிறவங்க, ரெண்டு பிரதி இருக்கிறவங்கன்னு, நீங்க எந்தக் கும்பல்ல விழறீங்கன்னு பாத்து சொல்லிடும். லட்சத்துல ஒருத்தருக்கு இருக்கிற மாற்றம்னா கும்பலே கிடையாது, ஓரமா ஒரு தூசி விழுந்தாலும் அதைக் கும்பல்னு நினைச்சுக்கும். பிரிட்டன்ல லட்சக்கணக்கான பேரோட ஜீன், உடல்நலத் தகவலைச் சேர்த்து வெச்சிருக்கிற யூகே பயோபேங்க் டேட்டாவை வெச்சு 2021ல பாத்தப்ப, லட்சத்துல ஒருத்தருக்கும் குறைவா இருக்கிற மாற்றங்கள்ல சிப் இருக்குன்னு சொன்னதுல 16 சதவீதம்தான் நிஜம். அதே இடத்தை சீக்வென்சிங்ல, அதாவது எழுத்து எழுத்தாப் படிக்கிற முறையில உறுதி பண்ணச் சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க, அதுக்கு முன்னாடி எந்த முடிவும் எடுக்காதீங்க. வீட்ல யாருக்காவது மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வந்திருந்தா அதையும் மறக்காம சொல்லுங்க. அது சிப் சொல்றதை விட முக்கியமான தகவல்.

கே: சீக்வென்சிங் வந்த அப்புறம் மைக்ரோஅர்ரே செத்துடுச்சுன்னு எங்க ப்ரொஃபசர் சொல்றார்.

ப: ஜீன் எவ்வளவு வேலை செய்யுதுன்னு அளக்கிற ஆராய்ச்சியில அவர் சொல்றது பெரும்பாலும் சரி, ஆர்என்ஏ சீக்வென்சிங் அந்த இடத்தைப் பிடிச்சுடுச்சு. ஆனா யூகே பயோபேங்க்ல அஞ்சு லட்சம் பேருக்கு முதல்ல எடுத்தது அர்ரேதான், ஒரே கேள்வியை லட்சம் பேர்கிட்ட கேக்கணும்னா இன்னும் இதுதான் சுலபம்.

கே: கடைசியா ஒரு சின்னக் கேள்வி, சிரிக்காதீங்க. புள்ளி வெச்சு கழுவி முடிச்சா ஸ்லைடு வெறும் கண்ணாடி மாதிரி இருக்கு. எந்தப் பக்கம் புள்ளி இருக்குன்னு எப்படித் தெரியும்?

ப: சிரிக்க மாட்டேன், ஏன்னா நான் ஒரு தடவை விலை மதிப்பில்லாத சாம்பிளை வெறும் பக்கத்துல ஊத்தி ராத்திரி முழுக்க 65 டிகிரியில வெச்சு, காலையில கருப்பா ஒரு படத்தைப் பாத்துட்டு உக்காந்தவன். கழுவறதுக்கு முன்னாடி, புள்ளி கண்ணுக்குத் தெரியறப்பவே, ஸ்லைடோட அடிப்பக்கத்துல, புள்ளி இருக்கிற பகுதியோட நாலு மூலையும் எங்கன்னு வைரமுனைப் பேனாவால லேசா கீறிடுங்க. ஓரத்துல ஒரு எண்ணும் கீறுங்க, மார்க்கர்ல எழுதாதீங்க, எத்தனால்ல அழியும், அழிஞ்ச மை புள்ளி மேல போய் சிவப்பா ஒளிரும். கீற மறந்துட்டீங்கன்னா, அப்பவும் பிளாக்கிங் பண்ணாத ஸ்லைடா இருந்தா, மாஸ்கை இறக்கி மெதுவா ஒரு ஊது ஊதுங்க. மூச்சு ஈரம் படியிற அந்த ஒரு செகண்ட்ல புள்ளி வரிசை மட்டும் தனியா தெரிஞ்சு மறையும், அந்தப் பக்கம்தான்.